நகலெடுக்கும் கைக்கு ஓய்வு கொடுங்கள்



ஓ.எம்.ஆர். விடைத்தாள் உங்களுக்குப் புதியதன்று. ஒரு மாணவன் 40ஆம் வினாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறான். ஆனால் 41ஆம் வினாவின் விடையை 40ஆம் வரிசையில் கறுப்பாக்கிவிடுகிறான். அதன்பின் அவன் குறித்த ஒவ்வொரு விடையும் ஒரு வரிசை மேலே ஏறிவிடுகிறது. அவனுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. ஆசிரியர் திருத்தியிருந்தால், "பையன் வரிசை மாறிப் போட்டுவிட்டான்" என்று உடனே கண்டுகொண்டிருப்பார். இயந்திரமோ கறுப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மட்டுமே பார்க்கும். மாணவன் என்ன நினைத்தான் என்று அது கேட்காது.

அந்த விடைத்தாளில் மதிப்பெண்ணுக்குப் பதிலாகப் பணம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தவறு நேர்ந்தால் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க ஓர் அலுவலகமும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாக்செயினில் இயங்கும் ஒப்பந்தங்களை அழைக்க நிரல் எழுதுவோரின் நிலை ஏறக்குறைய இதுதான். அவர்கள் கைக்கொண்டுள்ள ஒரு பழக்கத்தைப் பற்றி இங்கே பேச விரும்புகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருத்த முடியாத வேலையில், நகலெடுக்கும் பொறுப்பை மனிதக் கையிடம் விடக்கூடாது. அதை இயந்திரத்திடம் கொடுத்துவிட வேண்டும். ஆனால் பொருள் அறியும் பொறுப்பை ஒருபோதும் இயந்திரத்திடம் கொடுக்கக்கூடாது.

ஒப்பந்தம் ஒரு நிரலாகிறது

பிளாக்செயின் என்பது ஒரு பேரேடு. வங்கியின் பேரேடு வங்கியிடம் இருக்கும். இந்தப் பேரேட்டின் படிகளோ உலகெங்கும் பல்லாயிரம் கணிப்பொறிகளில் இருக்கின்றன. ஒரு பக்கம் எழுதப்பட்டதும், அடுத்த பக்கம் முந்தைய பக்கத்தின் கணித அடையாளத்தைத் தாங்கி வருகிறது. ஆகையால் பழைய பக்கத்தை யாரும் சத்தமில்லாமல் மாற்றிவிட முடியாது.

2015ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் எத்தீரியம் என்னும் பிளாக்செயின் இயங்கத் தொடங்கியது. அதில் கணக்கு மட்டுமின்றி நிரல்களும் எழுதிவைக்கப்படுகின்றன. இந்நிரல்களையே ஸ்மார்ட் ஒப்பந்தங்கள் என்கிறார்கள். இப்பெயரை 1990களிலேயே வழங்கியவர் நிக் சாபோ என்னும் அறிஞர். காசு போட்டால் பண்டம் தரும் தானியங்கிப் பொறியை இதற்கு அவர் உவமை காட்டினார். அங்கே கடைக்காரர் இல்லை, பேரம் இல்லை, பொறியின் அமைப்பே ஒப்பந்தம். "தம்பி தெரியாமல் அழுத்திவிட்டான், காசைத் திருப்பிக் கொடுங்கள்" என்று அதனிடம் கேட்க முடியுமா? ஸ்மார்ட் ஒப்பந்தமும் அப்படித்தான்.

68 பைட்டுகளில் ஒரு கடிதம்

ஒப்பந்தம் பேரேட்டில் இருக்கிறது. அதை அழைக்க வேண்டிய நிரல் உங்கள் கைப்பேசியிலோ ஒரு நிறுவனத்தின் கணிப்பொறியிலோ இருக்கிறது. இரண்டும் எப்படிப் பேசிக்கொள்கின்றன?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். எத்தீரியத்தில் புழங்கும் டோக்கன்களில் மிகப் பல இஆர்சி-20 என்னும் பொது விதிமுறையைப் பின்பற்றுகின்றன. அதில் 'டிரான்ஸ்ஃபர்' என்றொரு செயற்கூறு உண்டு. அதற்கு இரண்டு உள்ளீடுகள் வேண்டும்: யாருக்கு அனுப்புவது என்னும் முகவரி, எவ்வளவு அனுப்புவது என்னும் தொகை.

ஒப்பந்தத்துக்கு 'டிரான்ஸ்ஃபர்' என்ற பெயர் அப்படியே போய்ச் சேருவதில்லை. செயற்கூற்றின் பெயரையும், அடைப்புக்குறிக்குள் உள்ளீடுகளின் தரவு வகைகளையும் சேர்த்து ஒரு சொற்றொடராக எழுதி, அதைக் கெசாக்-256 என்னும் கணிதச் செயல்முறையில் இட்டு அரைக்கிறார்கள். வெளிவரும் 32 பைட்டுகளில் முதல் 4 பைட்டுகளே அச்செயற்கூற்றின் அடையாளம். டிரான்ஸ்ஃபருக்கு அந்த நான்கு பைட்டுகள் 169, 5, 156, 187. அதன்பின் முகவரிக்கு 32 பைட்டுகள், தொகைக்கு 32 பைட்டுகள். மொத்தம் 68 பைட்டுகள். கடிதம் இவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தில் "இது முகவரி", "இது தொகை" என்று எங்கும் எழுதியிருக்காது. ஐந்தாம் பைட் முதல் முகவரி, 37ஆம் பைட் முதல் தொகை என்று இடத்தை வைத்தே ஒப்பந்தம் படிக்கிறது. ஓ.எம்.ஆர். தாளின் நினைவு வருகிறதல்லவா?

கை எங்கே இடறுகிறது?

இக்கடிதத்துக்கு வேண்டிய விவரங்களை நிரலர் கையால் பெயர்த்தெழுதும்போது நேரும் பிழைகள் இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது, பெயர்ப் பிழை. ஒப்பந்தங்கள் எழுதப்படும் சாலிடிட்டி மொழியில் 'யூஇன்ட்' என்றாலும் 'யூஇன்ட்256' என்றாலும் ஒன்றே; 256 பிட்டுகளில் அடங்கும், குறை எண் அல்லாத முழு எண் என்று பொருள். ஆனால் அரைக்கப்படும் சொற்றொடரில் முழுப் பெயரைத்தான் எழுத வேண்டும். '256' விட்டுப்போனால் முற்றிலும் வேறான நான்கு பைட்டுகள் வெளிவரும். ஒப்பந்தம் அப்படி ஒரு செயற்கூற்றை அறியாது. பெரும்பாலும் அழைப்பு தள்ளுபடியாகும். அதுவரை நடந்த வேலைக்கான கட்டணம் மட்டும் போனது போனதுதான்.

இரண்டாவது, எண் பிழை. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் சாதாரண எண்கள் 9007199254740991 வரைதான் ஒவ்வொரு முழு எண்ணையும் பிழையின்றித் தாங்கும். இணைய உலாவியில் நிரலர்க்கென்று உள்ள கட்டளைப் பலகத்தைத் திறந்து 9007199254740993 என்று தட்டுங்கள். விடையாக 9007199254740992 என்று வரும். ஒன்று குறைந்துவிட்டது! எந்த எச்சரிக்கையும் வராது.

எத்தீரியத்தில் ஓர் ஈதர் நாணயம் 10இன் 18ஆம் அடுக்கு வெய் என்னும் சிறு அலகுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. 1 ஈதர் என்பதை வெய்யில் எழுதினால் 19 இலக்கங்கள் வரும். 256 பிட் எண்ணின் உச்ச மதிப்போ 78 இலக்கங்கள் கொண்டது. அவ்வளவு பெரிய குளத்து நீரைச் சிறு குடத்தில் அடக்க முயன்றால் வழிந்தோடத்தானே செய்யும்? இதற்காகவே ஜாவாஸ்கிரிப்டில் பிக்இன்ட் என்னும் பேரெண் வகை, 2020ஆம் ஆண்டின் தரவிதியில் சேர்க்கப்பட்டது. மேலே சொன்ன எண்ணின் இறுதியில் ஆங்கில 'என்' எழுத்தைச் சிறியதாகச் சேர்த்துத் தட்டிப் பாருங்கள். இம்முறை எண் பிசகாது.

இயந்திரம் எழுதும் நிரல்

இப்பிழைகள் யாவும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. ஒப்பந்தத்தில் முன்பே எழுதியிருக்கும் விவரத்தை, நிரலர் தம் கையால் இன்னோரிடத்தில் பெயர்த்தெழுதுகிறார். பெயர்த்தெழுதும் கை ஒருநாள் தவறியே தீரும்.

இதற்கு வழி உண்டு. ஒப்பந்தத்தை நிரல்பெயர்ப்பியில் இடும்போது, இயங்கும் குறிமுறையோடு ஓர் இடைமுகப் பட்டியலும் கிடைக்கிறது. எந்தெந்தச் செயற்கூறுகள் உள்ளன, ஒவ்வொன்றுக்கும் என்ன உள்ளீடு, எந்த வரிசை, எந்தத் தரவு வகை, என்ன விடை திரும்பும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்தப் பட்டியலைப் படித்து, அழைப்புக்கான நிரலைத் தானே ஆக்கித் தரும் கருவிகள் இருக்கின்றன. டைப்ஸ்கிரிப்ட் மொழிக்கு டைப்செயின், கோ மொழிக்கு அபிஜென், ஜாவா மொழிக்கு வெப்3ஜே ஆகியவை இதற்கென்றே எழுதப்பட்டவை.

இவை ஆக்கித் தரும் நிரலில் ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் தரவு வகை குறிக்கப்பட்டிருக்கும். டைப்செயின் தரும் நிரலை எடுத்துக்கொள்வோம். டிரான்ஸ்ஃபரை அழைக்கும்போது தொகையை விட்டுவிட்டால், நிரல் ஓடுவதற்கு முன்பே நிரல்பெயர்ப்பி தடுத்து நிறுத்தும். பெயரில் ஓர் எழுத்து பிசகினால் அந்த வரியின் அடியில் சிவப்புக் கோடு விழும். வெறும் 'ஆம், இல்லை' மதிப்பைத் தொகையின் இடத்தில் வைத்தால் ஒப்புக்கொள்ளாது. ஒப்பந்தத்திலிருந்து திரும்பி வரும் தொகையும் பேரெண்ணாகவே குறிக்கப்பட்டிருப்பதால், அதைக் கவனமின்றிச் சாதாரண எண்ணோடு கூட்ட முயன்றால் அதையும் தடுக்கும்.

"நல்ல நூலகங்கள், நிரல் ஓடும்போது இப்பிழைகளைப் பிடிக்கின்றனவே, அது போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். பிடிக்கின்றன; உண்மைதான். ஆனால் எப்போது? அந்த வரி ஓடும்போது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் ஓடும் வரியில் பிழை இருந்தால், அது ஆண்டுக்கு ஒருமுறைதான் தெரியவரும். அதுவும் பயன்படுத்துவோர் கையில். வெள்ளம் வருமுன் அணை போடுவதற்கும், வந்தபின் மணல் மூட்டை தேடுவதற்கும் வேறுபாடு இல்லையா?

பாபேஜ் கண்ட பிழை

இவ்வெண்ணம் புதியதென்று நினைக்காதீர்கள். 1821ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜும் அவருடைய நண்பர் ஜான் ஹெர்ஷலும், கையால் கணக்கிடப்பட்ட வானியல் அட்டவணைகளை ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். பிழைக்கு மேல் பிழையாக வந்தது. சலிப்புற்ற பாபேஜ், இந்த வேலையை இயந்திரம் செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எண்ணினார். அவருடைய வேறுபாட்டுப் பொறியின் கதை அங்கே தொடங்குகிறது.

அவர் அறிந்த மற்றோர் உண்மையைப் பலரும் கவனிப்பதில்லை. கணக்கில் மட்டுமன்று, விடையைப் பார்த்து எழுதுவதிலும் அச்சுக் கோப்பதிலும் பிழைகள் புகுந்தன. நம் ஓலைச்சுவடிகளைப் பெயர்த்தெழுதியோர் கையில் பாடபேதங்கள் தோன்றியதைப் போன்றதே இதுவும். ஆகவே தம் பொறி கணக்கிட்டால் மட்டும் போதாது, அச்சிடுவதற்கான அச்சையும் தானே பதித்துத் தரவேண்டும் என்று பாபேஜ் திட்டமிட்டார். அவர் காலத்தில் அப்பொறி முழுமை பெறவில்லை. அவர் 1840களில் வரைந்த இரண்டாம் வேறுபாட்டுப் பொறியின் கணக்கிடும் பகுதியை லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991இல் கட்டி முடித்தது; அச்சிடும் பகுதி 2002இல் நிறைவேறியது. பாபேஜின் பொறி விடையைத் தானே அச்சுக்குக் கொண்டுசெல்கிறது. இன்றைய கருவி ஒப்பந்தத்தின் விவரத்தைத் தானே அழைப்பு நிரலுக்குக் கொண்டுசெல்கிறது. இடையில் நகலெடுக்கும் கை இரண்டிலும் இல்லை.

அதே பாபேஜ் 1864இல் வெளிவந்த தம் வாழ்க்கை நூலில் ஒரு வேடிக்கையையும் பதிவு செய்திருக்கிறார். பொறியில் தவறான எண்களை இட்டாலும் சரியான விடை வருமா என்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவரைக் கேட்டார்களாம்! நாம் சிரிக்கிறோம். ஆனால் தரவு வகை குறித்த நிரலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவரும் ஏறத்தாழ அதே கேள்வியைத்தான் கேட்கிறார்.

வகை வேறு, பொருள் வேறு

டோக்கன்கள் எல்லாம் ஒரே அளவில் பகுக்கப்படுவதில்லை. சில டோக்கன்களுக்குத் தசமத்துக்குப் பின் 6 இலக்கங்கள், பலவற்றுக்கு 18. ஆறு இலக்க டோக்கனில் 5 டோக்கன் என்பதை 5000000 என்று அனுப்ப வேண்டும். அதே எண்ணைப் பதினெட்டு இலக்க டோக்கனுக்கு அனுப்பினால், பெறுபவருக்குப் போய்ச் சேருவது ஒரு டோக்கனை இலட்சம் கோடியாகப் பகுத்ததில் வெறும் 5 பங்கு! இரண்டு இடத்திலும் தரவு வகை ஒன்றே. சிவப்புக் கோடு விழாது.

1999ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள், செவ்வாயை நெருங்கிய அமெரிக்க விண்கலமான மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் அழிந்தது. ஒரு நிரல் உந்தத்தைப் பவுண்டு-விசை-நொடி அலகில் தந்தது. அதைப் பெற்ற மற்றொரு நிரல் நியூட்டன்-நொடி என்று எடுத்துக்கொண்டது. எண் எண்ணாகவே இருந்தது; அலகுதான் மாறிப்போயிற்று.

வரிசைக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 'டிரான்ஸ்ஃபர்ஃப்ரம்' என்னும் செயற்கூறு இரண்டு முகவரிகளைக் கேட்கும்: கொடுப்பவர், பெறுபவர். இரண்டும் முகவரி வகையே. அவற்றை மாற்றி வைத்தால் கருவிக்குத் தெரியாது. இருவருமே முன்னதாக அனுமதி கொடுத்திருந்தால் பணம் தலைகீழாகப் போய்விடும்.

ஒப்பந்தத்திலேயே கோளாறு இருந்தால் கேட்கவே வேண்டாம். 2016 ஜூன் மாதம் 'த டாவ்' என்னும் ஒப்பந்தத்திலிருந்து ஏறத்தாழ 36 இலட்சம் ஈதர் வெளியேற்றப்பட்டது. அந்த ஒப்பந்தம் பணத்தை முதலில் கொடுத்துவிட்டு, கணக்கை அதன்பிறகே கழித்தது. கணக்குக் கழியும் முன் மீண்டும் மீண்டும் அழைத்து ஒருவர் பணத்தை உறிஞ்சிவிட்டார். அவர் அனுப்பிய ஒவ்வோர் அழைப்பும் வகைப்படி சரியானதே! அந்த இழப்பை ஈடுசெய்ய ஜூலை மாதம் எத்தீரியத்தின் விதிகளையே மாற்ற வேண்டியிருந்தது. அதை ஏற்காதவர்கள் எத்தீரியம் கிளாசிக் என்ற பெயரில் பழைய பேரேட்டையே தொடர்ந்தார்கள். ஒரு தவறைத் திருத்த ஒரு பேரேடே இரண்டாகப் பிரிந்தது. "திருத்த முடியாது" என்று நான் சொல்வதன் எடை இப்போது விளங்கியிருக்கும்.

சோம்பலா, ஒழுங்கா?

"எல்லாவற்றையும் கருவியே எழுதிவிட்டால் மாணவன் எதைக் கற்பான்? கையால் எழுதிப் பழகினால்தானே கலை கைவரும்?" என்று ஆசிரியர் சிலர் கேட்பார்கள். இக்கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் கற்பது வேறு, பணி செய்வது வேறு. வர்க்கமூலம் காணும் முறையை ஒருமுறையேனும் தாளில் செய்து பார்க்க வேண்டும். அதற்காகப் பாலம் கட்டும் பொறியாளர் ஒவ்வொரு வர்க்கமூலத்தையும் தாளில்தான் காணவேண்டும் என்று நாம் கேட்பதில்லை; கேட்டால் அந்தப் பாலத்தின்மேல் நடக்க நமக்கே அச்சமாக இருக்கும்.

ஆகவே 68 பைட் கடிதத்தை ஒருமுறை நீங்களே உங்கள் கையால் கட்டிப் பாருங்கள். நான்கு பைட் அடையாளம் எப்படி வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். புரிந்தபின் அந்த வேலையைக் கருவியிடம் விட்டுவிடுங்கள். கருவி ஆக்கித் தந்த கோப்பை மட்டும் கையால் திருத்தாதீர்கள். திருத்தினால் விரட்டிய கைப்பிழையை வாசல் திறந்து மீண்டும் அழைக்கிறீர்கள். ஒப்பந்தம் மாறும்போதெல்லாம் புதிய பட்டியலிலிருந்து நிரலையும் புதிதாக ஆக்கிக்கொள்ளுங்கள். பழைய பட்டியலிலிருந்து வந்த நிரல், சென்ற ஆண்டுக் கால அட்டவணையை வைத்துக்கொண்டு ரயிலுக்குப் போவதற்கு ஒப்பாகும்.

இதனால் மிச்சமாகும் நேரத்தை என்ன செய்வது? அதுதான் முக்கியம். எந்தக் கருவியாலும் கேட்க முடியாத கேள்விகளை நீங்கள் கேட்கவேண்டும். இந்தத் தொகை எந்த அலகில் இருக்கிறது? இந்த இரு முகவரிகளில் கொடுப்பவர் யார், பெறுபவர் யார்? இந்த ஒப்பந்தம் கணக்கை எப்போது கழிக்கிறது? பணத்தை இழக்கப்போகிறவர் யார்?

ஒரு சொல் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் கிரிப்டோ நாணயம் வாங்கப் புறப்பட வேண்டாம். பழகுவோருக்கென்றே மதிப்பில்லாத நாணயங்களோடு இயங்கும் சோதனை வலையங்கள் இருக்கின்றன. அங்கே எத்தனை முறை தவறினாலும் யார் வீட்டு அடுப்பும் அணையாது.

அடுத்த முறை ஓ.எம்.ஆர். தாளை நிரப்பும்போது, பத்து வினாக்களுக்கு ஒருமுறை நிறுத்தி, வரிசை எண்ணையும் வினா எண்ணையும் ஒத்துப் பாருங்கள். அங்கே உங்களுக்காகச் சிவப்புக் கோடு போட எந்தக் கருவியும் வராது. தாள் கையை விட்டுப் போகும் முன் சரிபார்ப்பவனே நல்ல மாணவன். நாளைக்கு நல்ல நிரலனும் அவனே.